லீகலும் நில அளவையும் அட்வான்ஸுக்கு முன்பா, பின்பா? முதல் வீடு வாங்குபவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மதுரைப் புறநகரில் சுமார் இருபது ஆண்டு பழமையான ஒரு தனி வீடு, 2,400 சதுர அடி மனையோடு, 60 லட்சம் ரூபாய்க்கு விலை பேசி முடிந்திருக்கிறது. விற்பவர் ஒரு வாரத்திற்குள் 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போடச் சொல்கிறார். ‘பட்டா மாற்றும்போது சர்வேயர் எப்படியும் வருவார், அளவையை அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார் தரகர். ‘லீகல் எங்கள் வக்கீலே பார்த்துவிடுவார், நீங்கள் தனியாகச் செலவு செய்ய வேண்டாம்’ என்கிறார்கள் வங்கியில். பத்திரங்களைப் படித்து உரிமை சரியா என்று வக்கீல் எழுதித் தரும் கருத்துரை (லீகல்), நில அளவை, கட்டடப் பரிசோதனை ஆகிய மூன்றையும் எந்த வரிசையில், எப்போது செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில், எந்தக் கட்டம் வரை பின்வாங்கினால் கொடுத்த பணம் வாக்குவாதமில்லாமல் திரும்பி வரும், எந்தக் கட்டத்தைத் தாண்டினால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பதுதான் நீங்கள் அறிய விரும்புவது. வரிசையைத் தீர்மானிப்பதும் அதுவே.

சிவில் வழக்கறிஞனாகப் பல ஆண்டுகளாகப் பத்திரங்கள் படித்துக் கருத்துரை எழுதி வருகிறேன். அதில் சில காலம் வங்கிக்காகவும் எழுதியிருக்கிறேன். சட்டத்தைப் பற்றி இங்கே சொல்வதை உறுதியாகச் சொல்ல முடியும். நில அளவையைப் பற்றிச் சொல்வது, சர்வேயர்களோடு மனைகளில் நின்று கண்டது. கட்டடத்தின் உறுதி என் துறை அன்று. அதற்கு ஒரு சிவில் பொறியாளர் வேண்டும். உங்கள் பத்திரங்களை நான் பார்க்கவில்லை என்பதால் அந்தச் சொத்து நல்லதா கெட்டதா என்று எதுவும் சொல்வதற்கில்லை. முறையை மட்டுமே சொல்ல முடியும்.

முதலில் தரகர் சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு சர்வே எண்ணின் ஒரு பகுதியை மட்டும் வாங்கினால், பத்திரப் பதிவுக்குப் பின் பட்டா மாறுதலுக்காக உட்பிரிவு செய்ய, அதாவது அந்தப் பகுதிக்குத் தனி எண் கொடுக்க, அரசு சர்வேயர் மனைக்கு வருவார். ஆனால் அவர் அளப்பது நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கி முடித்த இடத்தை. பத்திரத்தில் 60 அடி என்றிருந்து தரையில் 57 அடிதான் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தால், குறைந்த 3 அடியை அவரால் வாங்கித் தர முடியாது. நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மேலோ விற்றவர் மேலோ வழக்குப் போட வேண்டியதுதான். உங்கள் மனை ஏற்கெனவே தனி உட்பிரிவு எண்ணோடு இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு: முழு எண்ணும் அப்படியே கைமாறும்போது பட்டா ஆவணங்களை வைத்தே மாற்றப்படும், யாரும் சங்கிலி பிடித்து அளக்க வர மாட்டார்கள். ஆகவே ‘பிறகு எப்படியும் அளப்பார்கள்’ என்பதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

வங்கி சொன்னதிலும் இதே போன்ற ஓர் இடைவெளி இருக்கிறது, அது காலம் சம்பந்தப்பட்டது. வீட்டுக் கடன் விண்ணப்பத்தோடு கையெழுத்தான அக்ரிமெண்ட் நகலை வங்கி கேட்கும். அதன் பிறகே கோப்பு அவர்கள் தங்கள் பட்டியலில் வைத்திருக்கும் வக்கீலிடம் போகும். அதாவது வங்கியின் லீகலை நம்பி இருந்தால், உங்கள் சொத்தை ஒரு வக்கீல் முதன்முதலாகப் பார்ப்பது நீங்கள் 5 லட்சத்தைக் கொடுத்த பிறகுதான். மேலும், அந்த வக்கீலிடம் கேட்கப்படும் கேள்வி ‘இந்தச் சொத்தை அடமானமாக ஏற்கலாமா’ என்பது. கடன் திரும்ப வராவிட்டால் விற்று எடுக்க முடியுமா என்பதே வங்கியின் கவலை. மேற்குப் பக்கச் சந்தில் நடக்க உங்களுக்கு உரிமை உண்டா, கிணறு பொதுவா, சுவர் யாருடையது என்பவை அந்தக் கருத்துரையில் பெரும்பாலும் வராது. கருத்துரைக்கான கட்டணத்தைப் பல வங்கிகள் உங்களிடமே வாங்கினாலும் அறிக்கையின் நகலைக் கொடுக்கத் தயங்குவார்கள். வங்கியின் லீகல் ஒரு கூடுதல் காவல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது உங்கள் லீகல் ஆகாது.

என் அனுபவத்தில் சரியாக அமையும் வரிசை இது: முதலில் வக்கீல், பிறகு அளவை, அளவை முடிந்தபின் மறுபடியும் வக்கீல். இரண்டையும் தனித்தனி வேலைகளாக நினைப்பதால்தான் முன்பா பின்பா என்ற கேள்வியே எழுகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரம். ‘நாராயணன் மனைக்குத் தெற்கு, 20 அடி தென்வடல் ரோட்டுக்கு மேற்கு, 15ஆம் நம்பர் மனைக்கு வடக்கு, பொது வாய்க்காலுக்குக் கிழக்கு, இதன் மத்தியில் கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி, ஆக 2,400 சதுர அடி’ என்பது போல அது இருக்கும். பத்திரத்தைப் படிக்காமல் சர்வேயரை அழைத்துச் சென்றால் எதை அளப்பது என்று அவருக்குத் தெரியாது. சுவரிலிருந்து சுவருக்கு அளந்து ‘2,400 சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சுவருக்குள் வாய்க்கால் புறம்போக்கு 4 அடி சேர்ந்திருக்கலாம். மறுபுறம், தரையைப் பார்க்காமல் வக்கீல் எழுதும் கருத்துரை காகிதத்தோடு காகிதத்தை ஒப்பிட்டதாக மட்டுமே இருக்கும். எல்லைக்கும் அளவுக்கும் முரண்பாடு வந்தால் பொதுவாக எல்லைதான் நிற்கும், சதுர அடிக் கணக்கு நிற்காது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் விதி. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் ‘பத்திரத்தில் 2,400 போட்டிருக்கிறதே’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தைரியமாக இருக்க முடியாது.

இனி நாள்வாரியாகச் சொல்கிறேன். முதல் மூன்று நான்கு நாட்களில், எந்தப் பணமும் கொடுப்பதற்கு முன், கிட்டத்தட்டச் செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. விற்பவரிடம் கிரையப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள் (முந்திய உரிமையாளர்களின் பத்திரங்கள்), பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு விவரம், அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றின் ஜெராக்ஸ் கேளுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. வருவாய்த் துறையின் தளத்தில் பட்டா, ‘அ’ பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணின் வகையும் பரப்பும் உள்ள கணக்கு), புலப்படம் (அந்த எண்ணின் எல்லைகளை அளவோடு காட்டும் வரைபடம்) ஆகியவற்றைப் பாருங்கள். ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதை வாசிக்காமல் விடாதீர்கள். அரசுப் புறம்போக்கு, கோயில் நிலம், ஏரி, குளம் என்று எது இருந்தாலும் அங்கேயே நின்றுவிடலாம். நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலமாக இருந்தாலும் அப்படியே. அந்த நிலத்தை ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதவருக்கு மாற்றியது செல்லாது.

இதே நாட்களில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஒருவரைத் துணைக்கு அழைத்து மனைக்குப் போங்கள். நான்கு பக்கத்தையும் அளந்தால் போதாது, குறுக்காகவும் அளக்க வேண்டும். 40 அடிக்கு 60 அடி என்ற மனை உண்மையில் செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் ஏறத்தாழ 72 அடி 1 அங்குலம் வரும். ஒன்று 74 அடியும் மற்றொன்று 70 அடியுமாக வந்தால் பக்கங்கள் சரியாக இருந்தாலும் மனை கோணலானது, பரப்பும் குறைவு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும்; 2,400 சதுர அடி என்பது 223 சதுர மீட்டர், அதாவது 2.23 ஏர், சென்ட் கணக்கில் 5.51. பத்திரத்தில் 2,400 சதுர அடியும் பட்டாவில் 2 ஏரும் இருந்தால், வித்தியாசம் ஏறக்குறைய 250 சதுர அடி. இதைக் கண்டுபிடிக்க வக்கீலோ சர்வேயரோ தேவையில்லை. வீடு கட்டிய மனையில் மூலைவிட்டம் அளக்கக் கட்டடம் குறுக்கே நிற்கும் என்றால், மொட்டை மாடியிலிருந்து மதில் மூலைகளுக்கு உத்தேசமாகப் பார்த்துக்கொண்டு, துல்லியத்தைச் சர்வேயருக்கு விட்டுவிடலாம்.

இவற்றில் பெரிய குறை தெரியவில்லை என்றால் ஒரு சிறிய தொகையை டோக்கனாகக் கொடுக்கலாம். அதற்கு ஒரு துண்டு ரசீதாவது வேண்டும். ‘வக்கீல் கருத்துரை திருப்தியாக இல்லாவிட்டால் இந்தத் தொகை முழுவதும் திருப்பித் தரப்படும்’ என்ற ஒரு வரி அதில் இருந்தாக வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். நில விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது என்பது ஒரு காரணம். பிற்பாடு தகராறு வந்தால் கொடுத்ததற்குச் சாட்சி அதுதான் என்பது மற்றொன்று.

அடுத்த இரண்டு மூன்று வாரங்கள் உங்கள் வக்கீலுக்கு உரியவை. அக்ரிமெண்ட் இதற்குப் பின்தான் வர வேண்டும். அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்திருந்தால் இந்த வாரங்கள் வீண் என்று தோன்றாது. குறைந்தது முப்பது ஆண்டு உரிமைத் தொடர்ச்சியைப் பார்ப்பது வழக்கம். தனியாரின் உரிமைக் கோரிக்கைக்குச் சட்டம் தரும் கெடு 12 ஆண்டும், அரசின் கோரிக்கைக்கு 30 ஆண்டுமாக இருப்பது அதற்கு ஒரு காரணம். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும் என்பதை நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும். வாரிசு உரிமை அதில் தெரியாது. பதிவு செய்யாத உயில் தெரியாது. நிலுவையில் உள்ள வழக்கு வழக்கமாகத் தெரியாது. அசல் பத்திரத்தைக் கொடுத்து வெளியில் வாங்கிய கடனும் தெரியாது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது வாங்கினால் அந்த வழக்கின் தீர்ப்பு உங்களையும் கட்டும். ஆகையால் விற்பவரின் பெயரிலும் அவருக்கு முந்தியவரின் பெயரிலும் உள்ளூர் நீதிமன்றங்களில் வழக்குத் தேடல் செய்யச் சொல்லுங்கள். அசல் பத்திரங்களை உங்கள் வக்கீல் கண்ணால் பார்க்க வேண்டும். ‘லாக்கரில் இருக்கிறது, பதிவன்று கொண்டுவருகிறேன்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் வாரிசு. இருபது ஆண்டு பழைய வீடு என்றால் இடையில் ஒரு மரணம் நிகழ்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்துக் குடும்பத்தில் தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுச் சென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 1956 முதலே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இறந்தவரின் மனைவியோடு, அப்போது உயிரோடிருந்தால் அவருடைய தாயாருக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தத் தாயாரின் பங்கு அடிக்கடி விட்டுப்போகிறது. அந்த அம்மாளும் பிற்பாடு இறந்துபோனால் அது இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் போகிறது. அவர்களில் யாரும் கையெழுத்திடாமல் ‘எல்லா வாரிசுகளும் சேர்ந்து விற்கிறோம்’ என்று எழுதிய பத்திரங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பூர்வீகச் சொத்தானால் அந்தச் சட்டத்துக்கு வந்த 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் இரண்டையும் வைத்து, பாகப்பிரிவினை எப்போது நடந்தது என்பதைப் பொறுத்து மகள்களின் பங்கைக் கணக்கிட வேண்டும். முந்திய விற்பனை ஏதாவது ஒன்றில் மைனர் பங்கை நீதிமன்ற அனுமதியின்றி விற்றிருந்தால், அந்த மைனர் இப்போது எந்த வயதில் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். மேஜரான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அவர் அந்த விற்பனையை எதிர்க்கலாம்.

இரண்டு தவறான நம்பிக்கைகள் பரவலாக இருப்பதால் அவற்றைத் தனியே சொல்கிறேன். ஒன்று, பத்திரம் பதிவாகிவிட்டால் உரிமை உறுதியாகிவிட்டது என்பது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது பதிவு அலுவலரின் வேலை அன்று. விற்பவரின் மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கச் சொன்ன தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மற்றொன்று, பட்டா இருந்தால் போதும் என்பது. பட்டா வருவாய்க் கணக்கு; உரிமைக்கு அது துணைச் சான்று மட்டுமே. 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் பட்டாப் பெயர்களும் பரப்புகளும் மாறி ஏறிய இடங்கள் ஏராளம். பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போகாவிட்டால், எது தவறு என்று கண்டுபிடித்துத் திருத்தும் பொறுப்பை விற்பவர் மேல், விற்பனைக்கு முன்பே, வைக்க வேண்டும்.

உங்கள் வீடு கட்டப்பட்ட காலத்தில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் விற்கப்பட்ட மனைப்பிரிவுகள் பல, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) ஒப்புதல் பெறாதவை. 2016 அக்டோபர் 20ஆம் தேதி வரை பதிவான அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. உங்கள் மனைக்கு டி.டி.சி.பி. எண் இருக்கிறதா, இல்லையென்றால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் கடன் கிடைப்பதும், பின்னாளில் மாடி எழுப்ப அனுமதி கிடைப்பதும் கடினம்.

வக்கீல் ‘உரிமைத் தொடர்ச்சியில் பெரிய பழுதில்லை’ என்று வாய்மொழியாகச் சொன்னவுடன், கருத்துரை கையில் வருவதற்குக் காத்திராமல், பொறியாளரையும் தனியார் சர்வேயரையும் வரச் சொல்லுங்கள். இந்த இருவருக்கும் முன்பே செலவு செய்தால், உரிமையில் பழுது வந்து விலகும்போது அந்தப் பணம் வீண். அக்ரிமெண்டுக்குப் பின் செய்தால், அவர்கள் கண்டுபிடிப்பதை வைத்து விலை பேச முடியாது. பொறியாளர் பார்க்கும் விஷயங்களை அவரே சொல்லட்டும். கூரைக் கான்கிரீட் பெயர்ந்து துருவேறிய கம்பி தெரிவது, சுவரில் உப்புப் பூத்திருப்பது, கழிவறைத் தளத்தின் அடியில் ஈரம் ஊறியிருப்பது ஆகிய மூன்றையும் அண்மையில் வெள்ளையடித்து மறைக்க முடியும் என்பதால், புதுச் சுண்ணாம்பு வாடை அடிக்கும் அறைகளை அவரிடம் சுட்டிக்காட்டுங்கள். என் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும்: அனுமதி வரைபடத்தையும் கட்டியிருப்பதையும் அவர் ஒப்பிட்டு எழுதித் தர வேண்டும். அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும் இருந்து மாடியும் நின்றால், வங்கியின் மதிப்பீட்டாளர் மாடியைக் கணக்கில் எடுக்காமல் போகலாம். அப்போது நீங்கள் எதிர்பார்த்த கடன் தொகை குறையும்.

தனியார் சர்வேயரிடம் உங்கள் வக்கீல் குறித்துக் கொடுத்த நான்கெல்லையும் புலப்படத்தின் நகலும் இருக்க வேண்டும். அவர் சுவரை அளக்கத் தொடங்குமுன் சர்வே கல்லைத் தேடச் சொல்லுங்கள். ரோடு போடும்போது பல கற்கள் புதைந்தோ பெயர்ந்தோ போயிருக்கும். அப்போது அடுத்த சர்வே எண்ணின் கல்லிலிருந்து அளந்து வர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். பக்கத்து மதில் 2 அடி உள்ளே வந்திருப்பதாகத் தெரிந்தால், அந்த மதில் எப்போது கட்டப்பட்டது என்பது முக்கியம். 12 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் நெடுங்காலம் அனுபவித்ததால் அந்த இடம் தனக்கே என்னும் எதிரிடை அனுபவத்தை அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வாதமாக வைக்கக்கூடும். அந்த வாதம் வெல்லுமா என்பது சாட்சியத்தைப் பொறுத்தது. அந்த 2 அடிக்கான விலையை நீங்கள் இன்றைக்கே கொடுக்க வேண்டியதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

தனியார் அளவை உங்கள் முடிவுக்கு உதவும். பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறு என்று வந்தால், அவருக்கும் அறிவிப்புக் கொடுத்து அரசு சர்வேயர் செய்த அளவைக்கே மதிப்பு அதிகம். அந்த அளவைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் நிலத்தின் உரிமையாளர், அதாவது இன்றைய நிலையில் விற்பவர். வாங்கப் போகிறவர் என்ற முறையில் நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது. அதனால் அது அக்ரிமெண்டில் விற்பவரின் கடமையாக எழுதப்பட வேண்டும்: இத்தனை நாளுக்குள் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அளந்து, எல்லைக் கல் காட்டித் தர வேண்டும், பரப்பு குறைந்தால் சதுர அடிக்கு இவ்வளவு வீதம் விலை குறையும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைந்தால் அட்வான்ஸைத் திரும்பப் பெற்று விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. அரசு அளவை எத்தனை நாளில் நடக்கும் என்பது தாலுகாவுக்குத் தாலுகா வேறுபடுகிறது. கிரையத்தை முடிக்க அக்ரிமெண்டில் மூன்று மாதக் கெடு வைத்தால், அது அந்த அளவை முடிந்த நாளிலிருந்து தொடங்கும்படி எழுதுவது நல்லது.

அக்ரிமெண்டில் வேறு இரண்டு நிபந்தனைகளையும் விட்டுவிடாதீர்கள். உரிமைக் குறைபாட்டால் வங்கி கடனை மறுத்தால் அட்வான்ஸ் முழுவதும் குறிப்பிட்ட நாளுக்குள் திரும்ப வர வேண்டும். விற்பவருக்கு அந்த வீட்டின் மேல் கடன் இருந்தால், அதை எந்தப் பணத்தில், எப்போது அடைத்து, அடமானம் நீங்கியதற்கான ரசீது ஆவணத்தை யார் பதிவு செய்வது என்றும் இருக்க வேண்டும். அக்ரிமெண்டைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தம் கட்டாயப் பதிவுக்கு உரியது. பதிவாகாத ஒப்பந்தத்தையும், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். ஆனால் பதிவு செய்தால் அது வில்லங்கத்தில் ஏறும், விற்பவர் உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு எழுதுவது கடினமாகும். அந்தப் பாதுகாப்பு தீர்ப்பினால் வருவதில்லை.

பணக் கணக்கையும் இதே கட்டத்தில் முடித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கெடு தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 60 லட்சத்துக்கு அது 48 லட்சம். மீதி 12 லட்சம் உங்களுடையது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 5,40,000 ரூபாய். இதைச் சொத்தின் மதிப்பில் சேர்த்துக் கடன் தர மாட்டார்கள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 60 லட்சத்தைவிடக் கூடுதலாக இருந்தால் தீர்வை அதன் மேல் கணக்கிடப்படும். ஆக ஏறத்தாழ 17,40,000 ரூபாய் கையில் வேண்டும், வக்கீல், சர்வேயர், பொறியாளர் செலவு தனி. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்பதால், 1 விழுக்காடு, அதாவது 60,000 ரூபாயை விற்பவருக்குத் தரும் தொகையில் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) ஆகப் பிடித்து நீங்கள் கட்ட வேண்டும். விற்பவர்களில் யாராவது வெளிநாட்டில் வாழ்பவராக இருந்தால் இந்த 1 விழுக்காட்டு விதி அவருக்குப் பொருந்தாது. ஒரு ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அரசு அளவை முடிந்ததும் அந்த வரைபடம் உங்கள் வக்கீலிடம் திரும்பிப் போக வேண்டும். கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தை அவர் அதை வைத்து எழுதுவார். பழைய பத்திரத்தில் உள்ளதை எழுத்தர் அப்படியே பார்த்து எழுதக் கூடாது. பழைய பத்திரத்தில் ‘நாராயணன் மனை’ என்றிருக்கும். இன்றைக்கு அங்கே வேறு ஒருவர் குடியிருப்பார். பழைய எல்லையையும் இன்றைய எல்லையையும் சேர்த்து எழுதி, உட்பிரிவு எண்ணையும் வரைபடத்தையும் இணைத்தால், பட்டா மாறுதலும் சிக்கலில்லாமல் நடக்கும். பதிவன்று காலையில் வில்லங்கத்தை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் ஒரு வாரக் கெடு. விற்பவரிடம் நான் சொன்ன டோக்கனைக் கொடுத்து, லீகலுக்கும் சர்வேயருக்கும் பொறியாளருக்கும் மூன்று வாரம் கேளுங்கள்; அதற்குப் பின் 5 லட்சமும் பதிவான அக்ரிமெண்டும் என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். பணம் கைக்கு வருமா என்ற ஐயம்தான் பல விற்பவர்களின் அவசரத்துக்குக் காரணம். வங்கியின் முன் ஒப்புதல் கடிதத்தைக் காட்டினால் அவர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். அவருக்கு உண்மையாகவே இந்த வாரமே பணம் வேண்டிய நெருக்கடி இருந்தால், அந்த நெருக்கடி என்ன என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும். வங்கி ஏல அறிவிப்போ குடும்ப வழக்கோ பின்னால் இருக்கலாம். அப்போதும் வீட்டை விட மனமில்லை என்றால், அசலைப் பார்த்து, வில்லங்கத்தைப் பார்த்து, மேலே சொன்ன எல்லாத் திரும்பப் பெறும் நிபந்தனைகளோடும் ஓர் இடைக்கால ஒப்பந்தம் எழுதலாம். அந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுத்தாலும், அது திரும்பி வர ஓராண்டு ஆனால் உங்கள் குடும்பம் தாங்கக்கூடிய தொகையாக மட்டும் இருக்கட்டும்.